ஹட்டனில் ஓர் அரசியல் வகுப்பு: ட்ரம்பை அளந்தார்கள், டி.எஸ். சேனாநாயக்கவை அளக்க மறந்தார்கள்

ஹட்டன் பஸ் நிலையத்துச் சுவரில் ஒட்டியிருந்த துண்டுப்பிரசுரத்தில் "ட்ரம்ப் உண்மையான பழமைவாதியா?" என்று பெரிய எழுத்தில் கேட்டிருந்தார்கள். கீழே சிறிய எழுத்தில், பெரியவர்களுக்கான அரசியல் சிந்தனை வகுப்பு, சனிக்கிழமை பிற்பகல், தமிழில், பரீட்சையும் இல்லை, சான்றிதழும் இல்லை என்று இருந்தது. பரீட்சைக்காக அல்லாமல் அறிவுக்காகப் படிக்கலாம் வாருங்கள் என்று மலையகத்தில் யாராவது கூப்பிட்டால் போய்த்தான் ஆக வேண்டும் என்பது என் எண்ணம். போனேன், முழுவதும் இருந்து படித்தேன். இப்போது அடுத்த தொகுதிக்குப் பெயர் பதிகிறார்கள். போகலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் நோர்வூட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிள்ளைக் காம்பராவை, அதாவது வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் இடத்தை, பொறுப்பாகப் பார்த்துக்கொள்பவள். உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் படித்தேன். அதன் பிறகு அந்தப் பாடத்தைப் பற்றி ஒருவரோடும் பேச வாய்ப்புக் கிடைக்கவில்லை. இதைச் சொல்வதற்குக் காரணம், வகுப்பு யாருக்கு ஏற்றது என்று பலர் கேட்கிறார்கள். பட்டம் தேவையில்லை. பத்திரிகையின் உள்பக்கங்களையும் படிக்கிற பழக்கம் இருந்தால் போதும்.

இடத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கீழே இரும்புக்கடை, மேலே மாணவர்களுக்கு டியூஷன் நடக்கும் நீளமான அறை. படிக்கட்டு ஒடுக்கமானது, முழங்கால் வலி உள்ளவர்களுக்குச் சிரமம். வாங்குகள் பள்ளிப் பிள்ளைகளின் உயரத்துக்குச் செய்தவை. முழு வகுப்புக்கும் 3,000 ரூபாய், இரண்டு தவணையாகக் கட்டலாம், குறிப்புகளின் பிரதிகளும் அதற்குள் அடக்கம். இடைவேளையில் இஞ்சி போட்ட பிளேன்டியும் பணிஸும் தருகிறார்கள். பெண்கள் தனியாக வந்து போகலாம்; எங்கள் தொகுதியில் பாதிக்கு மேல் பெண்கள்தான். கூரை தகரம் என்பதால் மழை வலுத்தால் ஒரு சொல்லும் காதில் விழாது. அப்போது ஆசிரியர் பேச்சை நிறுத்திவிட்டுக் கரும்பலகையில் எழுதத் தொடங்குவார். நாங்களும் எங்கள் கேள்விகளைத் தாளில் எழுதி முன்னுக்கு அனுப்புவோம். நல்ல கேள்விகள் பல அந்த மழை நேரத்தில்தான் வந்தன.

ஆசிரியர் ஓய்வு பெற்றவர், குரலை உயர்த்தாதவர். அவருடைய முறை எளிது. தலைவரின் பெயரைப் பலகையில் எழுதி, அடியில் மூன்று கட்டம் போடுவார்: சொன்னது, செய்தது, விட்டுச்சென்றது. முதல் கட்டத்தை நிரப்ப ஐந்து நிமிடத்துக்கு மேல் தரமாட்டார். "சொன்னதை அவரவர் கட்சிக்காரர்கள் நிரப்பிக்கொள்வார்கள், நாம் அடுத்ததற்குப் போவோம்" என்பார்.

அளவுகோலுக்கு அவர் எட்மண்ட் பேர்க்கை எடுத்துக்கொண்டார். 1729இல் டப்ளினில் பிறந்து பிரித்தானியப் பாராளுமன்றத்தில் இருந்தவர். பிரெஞ்சுப் புரட்சியைக் கண்டித்து 1790இல் அவர் எழுதிய நூல்தான் பழமைவாதச் சிந்தனைக்கு அடித்தளம். ஆனால் அதே பேர்க், அமெரிக்கக் குடியேற்றங்கள் மீது லண்டன் வரி சுமத்தியபோது அந்த மக்களுக்காக வாதாடினார். இந்தியாவில் கம்பனி ஆட்சியை நடத்திய வாரன் ஹேஸ்டிங்ஸைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கு முன்னின்றார். 1788இல் தொடங்கிய விசாரணை 1795இல் ஹேஸ்டிங்ஸின் விடுதலையோடு முடிந்தது. புரட்சியை எதிர்த்தவர் எப்படி அமெரிக்கருக்கும் இந்தியருக்கும் பேசினார் என்று ஆசிரியர் எங்களிடமே கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பேசாமல் நின்றார். ஒரு மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கையில் வைத்திருந்ததை அதிகாரம் ஒரே வெட்டில் அறுத்தெறிவதை அவர் மூன்று இடத்திலும் எதிர்த்தார் என்று பின்வாங்கில் இருந்த ஒரு தங்கச்சி சொன்னாள். அதுதான் பதில். மாற்றமே கூடாது என்று பேர்க் சொல்லவில்லை. கவ்வாத்து வெட்டலாம், அதாவது செடி தழைக்கக் கிளையை வெட்டலாம், செடியைப் பிடுங்கக் கூடாது என்பதுதான் கருத்து என்று ஆசிரியர் முடித்தார். தேயிலைக்குள் பிறந்த எங்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

பிறகு மார்கரெட் தட்சர். இந்தப் பகுதியைத் தனியாகப் பாராட்ட வேண்டும். 1985 ஏப்ரலில் அவர் இலங்கைக்கு வந்து, பிரித்தானிய நன்கொடை உதவியோடு கட்டிய விக்டோரியா அணைக்கட்டைத் திறந்து வைத்ததில் இருந்து பாடம் தொடங்கியது. அந்த அணைக்காகப் பழைய தெல்தெனிய நகரம் நீருக்குள் போனது. அதற்கு முந்தைய மாதம்தான் பிரித்தானியச் சுரங்கத் தொழிலாளரின் ஓராண்டு வேலைநிறுத்தம் தோற்று முடிந்திருந்தது. நிலக்கரியை நம்பித் தலைமுறைகளாக வாழ்ந்த ஊர்கள் அதன் பிறகு ஒவ்வொன்றாக வெறிச்சோடின. அவருடைய கட்சியின் முன்னாள் பிரதமர் ஹரோல்ட் மக்மில்லனே 1984இல் பிரபுக்கள் சபையில் எழுந்து, அந்தத் தொழிலாளரைப் பற்றி மனம் நொந்து பேசினார். கட்சிக்குள்ளேயே, இது பழமைவாதமா அல்லது சந்தையின் பெயரால் நடக்கும் புரட்சியா என்று கேட்டவர்கள் இருந்தார்கள்.

ஆனால் அதே தட்சர் 1980இல் கொண்டுவந்த வீடமைப்புச் சட்டம், நகரசபை வீடுகளில் வாடகைக்கு இருந்தவர்களுக்கு அந்த வீட்டையே வாங்கிக்கொள்ளும் உரிமையைக் கொடுத்தது. இதைக் கேட்டபோது அறையில் ஒரு சலசலப்பு எழுந்தது. வீடு சொந்தமானால் மனிதன் வேர் பிடிப்பான், வேர் பிடித்தவன் நாட்டைக் காப்பான் என்பது பழமைவாதிகளின் மிகப் பழைய நம்பிக்கை. லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டில் பிறந்து, லயத்தில் பிள்ளை பெற்று, அந்த லயக் காம்பராவுக்கு ஓர் உறுதிப் பத்திரம் இல்லாமலே செத்துப்போகிற எங்கள் மக்களை நினைத்துக்கொண்டேன். தோட்டக் குடும்பத்துக்கு வீடு கட்ட ஏழு பேர்ச் காணி என்ற பேச்சு எத்தனை தேர்தல் மேடைகளில் ஏறி இறங்கிவிட்டது! தட்சரை எனக்குப் பிடிக்காது. ஆனாலும் அந்த ஒரு சட்டத்தில் அவர் தன் கொள்கைக்கு உண்மையாக நடந்தார் என்று ஒப்புக்கொள்கிறேன்.

துண்டுப்பிரசுரத்துக் கேள்வி அதற்குப் பிறகுதான் வந்தது. ட்ரம்ப் பற்றிய வகுப்புக்குக் கூட்டம் கூடுதலாகவே இருந்தது; காரணம் வரி. 2025 ஏப்ரலில் இலங்கைப் பொருட்களுக்கு 44 வீதம் என்று அறிவித்தார், ஜூலையில் அது 30 ஆனது, ஓகஸ்டில் 20இல் வந்து நின்றது. ஆடைத் தொழிற்சாலைகளில் தையல் இயந்திரத்தின் முன் இருக்கும் பிள்ளைகளில் எத்தனையோ பேர் எங்கள் தோட்டங்களில் இருந்து போனவர்கள். அந்த மாதங்களில் என்னுடைய பிள்ளைக் காம்பராவில் குழந்தையை விட்டுப்போக வரும் பாட்டிமார் கேட்ட முதல் கேள்வி, "மகளுக்கு வேலை இருக்குமா?" என்பதுதான்.

ஆகவே, சுதந்திர வர்த்தகத்தைப் போதித்த ரொனால்ட் ரீகனின் கட்சியில் இருந்துகொண்டு இப்படி வரி போடுபவர் எப்படிப் பழமைவாதியாவார் என்று பலர் கொதித்தார்கள். ஆசிரியர் எங்களை அவசரப்பட விடவில்லை. குடியரசுக் கட்சியே ஒரு காலத்தில் வரிக் கட்சிதான், 1890ஆம் ஆண்டின் வரிச் சட்டத்துக்கு வில்லியம் மக்கின்லியின் பெயர் இருக்கிறது, அவர் பின்னால் அந்தக் கட்சியின் ஜனாதிபதியானார் என்று விளக்கினார். வரியை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது. இந்த நிதானத்துக்காகவே வகுப்புக் காசு தகும்.

கட்டங்கள் நிரம்பின. ட்ரம்ப் தன் முதல் பதவிக்காலத்தில் உச்ச நீதிமன்றத்துக்கு மூன்று நீதியரசர்களை நியமித்தார். கருக்கலைப்பு உரிமை பற்றிய 1973ஆம் ஆண்டுத் தீர்ப்பை அந்த நீதிமன்றம் 2022இல் தள்ளிவிட்டது. சமயப் பற்றுள்ள அமெரிக்கப் பழமைவாதிகள் ஏறக்குறைய அரை நூற்றாண்டாகக் காத்திருந்தது அதற்குத்தான். அவர்கள் அவரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடுவதில் வியப்பில்லை. மறுபக்கத்தில், அரசாங்கம் சிக்கனமாக இருக்க வேண்டும் என்பதும் அதே கொள்கைதான். அந்த நான்கு ஆண்டுகளில் அமெரிக்காவின் தேசியக் கடன் 7 ட்ரில்லியன் டொலருக்கும் மேல் கூடியது. கொவிட் செலவு அதில் பெரிய பங்கு என்பதையும் பலகையில் எழுதினோம். அவர் முதன்முறை போட்டியிட்ட 2016இலேயே அமெரிக்கப் பழமைவாதிகளின் முன்னணிச் சஞ்சிகை ஒன்று அவருக்கு எதிராக ஒரு சிறப்பிதழே வெளியிட்டது. இவர் நம்மவர் அல்லர் என்று முதலில் எழுதியவர்கள் இடதுசாரிகள் அல்லர், அந்த வீட்டுக்காரர்களே.

என் தீர்ப்பை நிர்ணயித்தது வேறு ஒன்று. 1801இல் ஜோன் அடம்ஸ் தேர்தலில் தோற்று, தன்னை வென்ற தோமஸ் ஜெபர்சனிடம் நாட்டை விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். அந்த வழக்கம் அமெரிக்காவின் மிகப் பெரிய முதுசொம். 2020இல் தோற்ற ட்ரம்ப் தோல்வியை ஏற்கவில்லை. 2021 ஜனவரி 6ஆம் திகதி அவருடைய ஆதரவாளர்கள் பாராளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்தார்கள். 2025இல் மீண்டும் பதவியேற்ற அன்றே அந்த வழக்குகளில் சிக்கியிருந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு மன்னிப்பு வழங்கினார். பழையதைக் காப்பேன் என்று வாக்குக் கேட்டவர், இருநூறு ஆண்டு கடந்த ஒரு வழக்கத்தில் கை வைத்தார். பழமைவாதிகள் விரும்பிய சில பலன்களை ட்ரம்ப் கொண்டுவந்தார். அவரிடம் பழமைவாதக் குணம் இல்லை. இது என் முடிவு. எங்கள் தொகுதியில் இதை ஏற்காதவர்களும் இருந்தார்கள். ஒரு பாஸ்டர் அண்ணன் நீதியரசர்களின் நியமனம் ஒன்றே போதும் என்று கடைசிவரை நின்றார். யாரும் அவரை வாயடைக்கவில்லை.

இனி என் மனக்குறை. பாடத்திட்டத்தில் இருந்த தலைவர்கள் எல்லோரும் வெளிநாட்டவர். பேர்க்கின் அளவுகோலை வைத்துக்கொண்டு வாஷிங்டன் வரை போன வகுப்பு, ஹட்டன் புகையிரத நிலையத்தைத் தாண்டி உள்ளே வரவில்லை. இந்த நாட்டின் முதல் பிரதமர் டி.எஸ். சேனாநாயக்க, 1946இல் ஐக்கிய தேசியக் கட்சியைத் தொடங்கியவர், எந்த நூலை எடுத்தாலும் பழமைவாதத் தலைவர் என்றே குறிக்கப்படுபவர். அவரை ஏன் கட்டத்துக்குள் எழுதவில்லை என்று நான் எழுந்து கேட்டேன். ஆசிரியர் சிறிது நேரம் என்னைப் பார்த்தார். பிறகு துடைப்பானை எடுத்துப் பலகையைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, சுண்ணக்கட்டியை என் கையில் தந்தார்.

எழுதினோம். 1931இல் சர்வசன வாக்குரிமை வந்த காலத்தில் இருந்தே தோட்டத் தொழிலாளரில் ஒரு பகுதியினர் வாக்களித்து வந்தார்கள். 1947 பொதுத் தேர்தலில், இந்திய வம்சாவளித் தோட்ட மக்களின் அமைப்பான இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமானும் வேறு தொகுதிகளில் அவரது சகாக்களும் வென்றார்கள். மறு ஆண்டே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இலங்கையில் பிறந்திருந்தால் போதாது, தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும் என்றது. பிறப்பைப் பதிந்த தாள் தோட்டத்தில் எத்தனை பேரிடம் இருந்திருக்கும்? 1949இல் தேர்தல் சட்டத்தைத் திருத்தி, பிரஜைகள் அல்லாதோரின் பெயர்களை வாக்காளர் இடாப்பில் இருந்து அகற்றினார்கள். 1952 தேர்தலில் எங்கள் மலைகள் வாக்கில்லாமல் கிடந்தன. இந்தச் சட்டங்களை எதிர்த்த கோடாக்கன் பிள்ளை வழக்கு, அன்றைய இறுதி மேன்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவிக் கவுன்சில் வரை போய் 1953இல் தோற்றது. 1956இல் ஆட்சி அமைதியாகக் கைமாறியதை இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள். அந்தக் கைமாற்றத்தை எங்கள் மக்களில் பெரும்பாலோர் வேலிக்கு வெளியே நின்று பார்த்தார்கள்.

கண்டியில் இருந்து வரும் ஒரு தம்பி நேர்மையாக எதிர்வாதம் வைத்தான். டி.எஸ். காக்க நினைத்தது கண்டிய விவசாயியை அல்லவா என்றான். 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டத்தின் பெயரால் அந்தக் கிராமத்தவரின் சேனை நிலமும் மேய்ச்சல் காடும் பறிக்கப்பட்டுத்தான் கோப்பியும் தேயிலையும் வந்தன, டி.எஸ். விவசாய அமைச்சராக இருந்து 1935இல் கொண்டுவந்த காணி அபிவிருத்திச் சட்டம், குடியானவனின் நிலம் துண்டுபடாமல் காத்தது. இதைவிடப் பழமைவாதம் வேறு என்ன என்று கேட்டான். அந்த வாதத்தை மதிக்கிறேன். கண்டிய விவசாயியின் இழப்பு உண்மையானது. அதை மறுக்கிற மலையகத் தமிழர் நீதியைப் பற்றிப் பேச முடியாது. ஆனால் 1948ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு பேர்ச் காணியையாவது அந்த விவசாயிக்குத் திருப்பிக் கொடுத்ததா? தோட்டங்கள் கம்பனிகளிடமே இருந்தன. எழுபதுகளின் காணிச் சீர்திருத்தம் வரும்வரை யாரும் அவற்றைத் தொடவில்லை. பறித்தவன் நிலத்தோடு இருந்தான், பறிப்பில் பங்கில்லாத கூலியாள் வாக்கை இழந்தான்.

அந்தச் சட்டத்தைப் பாராளுமன்றத்தில் வன்மையாக எதிர்த்தவர்களில் என்.எம். பெரேராவும் கொல்வின் ஆர். டி சில்வாவும் இருந்தார்கள். இருவரும் சமசமாஜ வழி வந்த இடதுசாரிப் புரட்சிக்காரர்கள். மக்கள் ஏற்கனவே அனுபவித்து வந்த உரிமையைப் பறிக்காதே என்று அன்று வாதாடியவர்கள் அவர்கள், பறித்தவர் பழமைவாதி. நீண்டகாலம் கையில் இருந்த உரிமையைப் பறிக்கலாகாது என்பது பேர்க் கொடுத்த அளவுகோலென்றால், டி.எஸ். சேனாநாயக்க அன்று அதில் தவறினார். இதை மேடையில் சொல்லவும் தயங்க மாட்டேன்.

அன்று என் பையில் தாத்தாவின் விண்ணப்பத்தின் பிரதி இருந்தது. 1948 சட்டத்தில் விடுபட்ட இந்திய வம்சாவளியினர் விண்ணப்பித்துப் பிரஜாவுரிமை கேட்க வழி வைத்த, 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின் கீழ் போட்டது. மடிப்புகளில் கிழிந்து, பின்பக்கம் சீலைத் துண்டு ஒட்டிய தாள். அவருடைய பெயர் ஓர் இடத்தில் ஒரு விதமாகவும் இன்னோர் இடத்தில் வேறு விதமாகவும் எழுதப்பட்டிருக்கிறது; எழுதியவர் அவர் அல்லர், அவருக்கு எழுதத் தெரியாது. விண்ணப்பம் தள்ளப்பட்டது. ஏழு ஆண்டு வதிவு, மணமாகாதவருக்குப் பத்து ஆண்டு என்று சட்டம் கேட்டது. கொழுந்து மலையில் முதுகு கூனிப்போன ஒருவரிடம் அதற்கு வேறு அத்தாட்சி கேட்டார்கள். அப்பா முதல் வாக்கைப் போட்டபோது அவருக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. அதற்கு வழி திறந்தது, அன்றைய ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தனவின் ஆட்சியில் வந்து நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை கொடுத்த 1988ஆம் ஆண்டுச் சட்டம். 1982இல் சர்வசன வாக்கெடுப்பு நடத்தி, 1977 பாராளுமன்றத்தின் ஆயுளைத் தேர்தலே இல்லாமல் ஆறு ஆண்டு நீட்டியவரும் அதே ஜே.ஆர். அவரையும் கட்டத்துக்குள் நிறுத்தினால் ஒரு முழு மாலை போகும், நிறுத்த வேண்டும்.

சேவையில் திருத்த வேண்டியவை சில. வகுப்பு சொன்ன நேரத்தில் முடிவதில்லை. நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கம் போகிறவர்களுக்கு ஐந்து மணிக்குப் பிறகு ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. பஸ் தவறினால் முச்சக்கரவண்டிக்குக் கொடுக்கும் காசு வகுப்புக் கட்டணத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். விவாதம் சூடாகும்போது ஆசிரியர் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை, யாராவது ஒருவர் மணி சொல்ல வேண்டும். குறிப்புகளில் பேர்க் பற்றிய பக்கங்கள் நெருக்கமான எழுத்தில், வாக்கியங்கள் அரைப்பக்க நீளத்தில் இருக்கின்றன. அவர் வாயால் சொல்வது போலவே எழுதியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருக்கும். அமெரிக்கக் குடியரசுக் கட்சியின் உட்பிரிவுகளைப் பற்றிய வகுப்பு சலிப்புத் தட்டியது. மற்றபடி, தலைவரின் பெயரைக் கேட்டதும் கைதட்டவோ காறித்துப்பவோ பழகிய நமக்கு, உட்கார்ந்து எடைபோடப் பழக்கும் ஓர் இடம் இது. போங்கள். வீட்டில் உயர்தரம் படிக்கும் பிள்ளை இருந்தால் கூட்டிக்கொண்டே போங்கள்.

அடுத்த தொகுதியில் டி.எஸ். சேனாநாயக்கவுக்கும் ஜே.ஆருக்கும் தனித்தனி வகுப்பு ஒதுக்குவதாக ஆசிரியர் ஒப்புக்கொண்டிருக்கிறார். டி.எஸ். வகுப்புக்கு ஆவணங்கள் சேர்க்கும் வேலை என்னுடையது. உங்கள் வீட்டில் 1949 சட்டத்தின் கீழ் போட்ட விண்ணப்பமோ, அதற்கு வந்த பதில் கடிதமோ, பழைய வாக்காளர் இடாப்பின் பக்கமோ இருந்தால் பெயர் பதிய வரும்போது கொண்டு வாருங்கள். மூலத்தை யாரிடமும் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள்; வீதியின் எதிர்ப்பக்கத்தில் போட்டோகொப்பிக் கடை இருக்கிறது, பிரதி எடுத்துக்கொண்டு மூலத்தை உங்கள் பையிலேயே திருப்பி வைத்துக்கொள்ளுங்கள்.